இரத்தம் கசியும் ஈறு சொல்லும் செய்தி

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்து, இறுதியில் உள்ள வினாக்களுக்கு விடை காண்க.

காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது, துப்பும் நீரில் இளஞ்சிவப்பு நிறம் தெரிகிறது. பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தூரிகை கடினமாக இருந்திருக்கும், அழுத்தித் தேய்த்திருப்போம் என்று எண்ணிவிடுகிறார்கள். சிலர் இரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் மற்ற பற்களை மட்டும் துலக்கிவிட்டுப் போகிறார்கள். அன்றாடம் கை கழுவும்போது விரலிலிருந்து இரத்தம் கசிந்தால் யாரும் அப்படி இருக்கமாட்டார்கள். உடனே மருத்துவரைத் தேடிப் போவார்கள். ஈறுகளுக்கு மட்டும் அந்தக் கவனம் கிடைப்பதில்லை.

அந்தச் சிறு கசிவு வாயோடு முடிந்துவிடும் செய்தி அன்று. நம் வீடுகளில் ‘இனிப்புநீர்’ என்று அழைக்கப்படும் நீரிழிவு நோய்க்கும் ஈறு நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் ஐந்து பேரில் இருவர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். எனவே, நீரிழிவையும் ஈறுகளையும் இணைக்கும் பாதையை அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயன் தரும்.

ஈறுகளில் என்ன நடக்கிறது?

நாம் உண்ட சில மணி நேரத்திலேயே பற்களின்மேல் மெல்லிய, பசை போன்ற படலம் ஒன்று படியத் தொடங்குகிறது. அதைப் பற்படலம் என்பர். கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதில் குடியிருக்கின்றன. நாள்தோறும் துலக்கி அகற்றாவிட்டால், எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து அது கல்லைப் போல் இறுகிவிடும். அதுவே பற்காரை. பற்காரையைத் தூரிகையால் அகற்ற முடியாது. பல் மருத்துவரிடம் சென்றுதான் நீக்க வேண்டும்.

பற்படலம் ஈறின் ஓரத்தில் தங்கும்போது உடல் அதை எதிர்க்கிறது. அவ்விடத்திற்கு இரத்த ஓட்டம் கூடுகிறது, வெள்ளையணுக்கள் திரள்கின்றன. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டாலே இரத்தம் கசிகிறது. இந்நிலையை ஈறு அழற்சி என்கிறோம்.

ஈறு அழற்சிக்குப் பற்படலமே காரணம் என்பதை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் பணியாற்றிய ஹரால்ட் லோயே என்னும் நார்வே நாட்டு அறிஞரும் அவருடைய குழுவினரும் மெய்ப்பித்தனர். அவர்களின் ஆய்வு 1965இல் வெளிவந்தது. ஆரோக்கியமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். அவர்கள் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் ஒழுங்காகப் பல் துலக்கத் தொடங்கியதும் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. இரண்டு மூன்று வாரக் கவனக்குறைவே ஈறுகளைக் கெடுக்கப் போதும் என்பது இந்த ஆய்வு தரும் முதல் பாடம். தொடக்க நிலையிலேயே கவனித்தால் முழுமையாகச் சரிசெய்துவிடலாம் என்பது இரண்டாம் பாடம்.

ஆனால், அழற்சி நீண்ட காலம் தொடர்ந்தால், சிலருக்கு அது ஈறுகளைத் தாண்டி ஆழமாக இறங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பிடிப்பு விட்டு, அங்கே பை போன்ற இடைவெளி உருவாகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. இதுவே பல்சூழ் நோய். இழந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இறுதியில் பல் ஆடி விழுந்துவிடும். இவ்வளவு நடந்தாலும் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. வலி இல்லாததாலேயே இந்நோய் பலரிடம் பல ஆண்டுகள் மறைந்திருக்கிறது.

சர்க்கரை உயர்ந்தால் ஈறு ஏன் தளர்கிறது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இனிப்புப் பண்டங்களை அடிக்கடி உண்பதால் பல்லில் சொத்தை விழுகிறது. அது வாயில் தங்கும் சர்க்கரையால் வருவது. நீரிழிவால் ஈறு கெடுவதற்குக் காரணம் வேறு. அது இரத்தத்தில் ஓடும் சர்க்கரையால் வருவது. இனிப்பையே தொடாத ஒருவருக்கும் இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் ஈறு பாதிப்படையலாம்.

இரத்தத்தில் குளுக்கோஸின் அளவு நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால், அது உடலிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி உருவாகும் பொருள்கள் ஈறுகளின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் இணைப்புத் திசுக்களையும் பாதிக்கின்றன. அழற்சியைத் தூண்டிவிட்டு, அது அடங்காமல் நீடிக்கவும் செய்கின்றன. கிருமிகளை அழிக்க வேண்டிய வெள்ளையணுக்களின் செயல்திறனும் குன்றுகிறது. ஒரு பக்கம் கிருமிகளை அடக்கும் ஆற்றல் குறைகிறது. மறுபக்கம் அழற்சி அளவுக்கு மீறிப் போகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் ஈறும் எலும்பும் சிதைகின்றன.

இவற்றோடு, நீரிழிவு நோயாளிகள் பலருக்கு வாய் உலர்ந்துபோகும் தொல்லையும் உண்டு. வாயைக் கழுவித் தூய்மையாக வைத்திருக்கும் இயற்கை நீர் எச்சில். அது குறைந்தால் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். புண் ஆறுவதும் தாமதமாகிறது. இவை அனைத்தும் சேர்ந்து, நீரிழிவு உள்ளவருக்குப் பல்சூழ் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்த்துகின்றன. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். இது முதியோருக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. நீரிழிவு உள்ள சிறுவர்களிடமும் பதின்ம வயதினரிடமும் ஈறு அழற்சி கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

கண், சிறுநீரகம், நரம்பு, இதயம், ஆறாத புண் ஆகியவற்றை நீரிழிவின் பின்விளைவுகளாக மருத்துவ உலகம் முன்பே அறிந்திருந்தது. முன்னர்க் குறிப்பிட்ட அதே ஹரால்ட் லோயே, 1993இல் எழுதிய கட்டுரையில் பல்சூழ் நோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று குறிப்பிட்டார்.

ஈறுகளிலிருந்து இரத்தத்திற்கு

இதுவரை கண்டது பாதையின் ஒரு திசை மட்டுமே. மறுதிசையிலும் போக்குவரத்து உண்டு.

பல்சூழ் நோய் உள்ளவரின் ஈறுப் பைகளின் உட்புறம் ஒரு திறந்த புண்ணைப் போன்றது. வாய் முழுவதும் உள்ள அந்தப் பகுதிகளை ஒன்றாக விரித்து வைத்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. கையில் அந்த அளவுக்கு ஒரு புண் இருந்தால் யாரும் அதை மருந்திடாமல் விடமாட்டார்கள். வாய்க்குள் இருப்பதால் அது கண்ணுக்குப் படுவதில்லை.

உணவை மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் அந்தப் புண்ணின் வழியாகப் பாக்டீரியாக்களும் அவற்றின் நச்சுப்பொருள்களும் இரத்தத்தில் கலக்கின்றன. ஈறுகளில் உருவாகும் அழற்சிப் பொருள்களும் உடல் முழுவதும் பரவுகின்றன. இவை இன்சுலினின் வேலைக்கு இடையூறு செய்கின்றன. இன்சுலின் என்பது இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் உடலணுக்களுக்குள் செல்லக் கதவைத் திறந்துவிடும் சுரப்புநீர். அழற்சி மிகுந்த உடலில் அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்குகிறது. சர்க்கரை அளவு ஏறுகிறது. ஏறிய சர்க்கரை மீண்டும் ஈறுகளைத் தாக்குகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

இந்தச் சுழலுக்கு வேறொரு முகமும் உண்டு. பற்களை இழந்தவர்களால் கீரை, காய்கறி, பழம், கொட்டை வகைகளை நன்றாக மென்று உண்ண முடிவதில்லை. கஞ்சி, வெள்ளை ரொட்டி, தேநீரில் நனைத்த பிஸ்கட் போன்ற மென்மையான உணவுகளையே நாடுகிறார்கள். அவையோ சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடியவை. ‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. நீரிழிவு நோயாளிக்குப் பல் போனால் நல்ல உணவும் கூடவே போய்விடுகிறது.

‘ஆற்று மக்கள்’ தந்த பாடம்

நீரிழிவும் ஈறு நோயும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை உலகம் அறிந்துகொள்ள அமெரிக்கப் பழங்குடியினர் ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஹீலா ஆற்றுப் படுகையில் பீமா இனத்தார் வாழ்கிறார்கள். தங்கள் மொழியில் அவர்கள் தங்களை ‘ஆற்று மக்கள்’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள். ஆற்றுநீரைக் கால்வாய்களில் திருப்பி வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் நீரைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டதால் அவர்களின் வயல்கள் காய்ந்தன. உழைப்பும் உணவும் மாறின. 20ஆம் நூற்றாண்டில் உலகிலேயே இரண்டாம் வகை நீரிழிவு மிகுந்து காணப்பட்ட சமூகங்களுள் ஒன்றாக அவர்களின் சமூகம் ஆனது.

1965இல் தொடங்கிப் பல பத்தாண்டுகளாக அங்கு நீரிழிவு ஆய்வு நடைபெற்றது. அதில் பங்கேற்றவர்களின் பற்களும் ஈறுகளும் சோதிக்கப்பட்டன. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பல்சூழ் நோய் வரும் வீதம், நீரிழிவு இல்லாதவர்களைவிட 2.6 மடங்கு அதிகம் என்று 1990இல் வெளியான முடிவு காட்டியது. 1996இல் மறுதிசை வெளிப்பட்டது. தொடக்கத்தில் கடுமையான பல்சூழ் நோய் இருந்த நீரிழிவு நோயாளிகளின் சர்க்கரை, பின்னாளில் கட்டுப்பாட்டை இழக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 2005இல் வெளியான முடிவு இன்னும் கவலைக்குரியது. நீரிழிவோடு கடுமையான பல்சூழ் நோயும் இருந்தவர்கள் இதய நோயாலோ சிறுநீரக நோயாலோ இறக்கும் வாய்ப்பு, மற்ற நீரிழிவு நோயாளிகளைவிட 3.2 மடங்காக இருந்தது.

இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதால் மட்டும் ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அதனால் ஆய்வாளர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். ஈறு நோயைக் குணப்படுத்தினால் இரத்தச் சர்க்கரை குறையுமா?

விடை தேடிய ஆய்வுகள்

இந்தக் கேள்விக்கு விடை காண ‘ஹெச்பிஏ1சி’ என்னும் இரத்தச் சோதனை உதவியது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையை அது காட்டும். சோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

2013இல் அமெரிக்காவில் 514 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆறு மாதத்திற்குப் பின் சர்க்கரை அளவில் வேறுபாடு இல்லை. இதனால் பலர் ஏமாற்றம் அடைந்தனர். ஆயினும், சிகிச்சைக்குப் பிறகும் அந்நோயாளிகளின் ஈறுகளில் இரத்தக் கசிவும் பற்படலமும் கணிசமாக இருந்ததை வேறு அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். ஈறே சரிவரக் குணமாகாதபோது சர்க்கரை எப்படிக் குறையும் என்று அவர்கள் கேட்டனர்.

2018இல் இலண்டனில் நடந்த ஆய்வு வெளிவந்தது. 264 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு ஆழமான, தொடர்ச்சியான ஈறு சிகிச்சை. மற்றொரு குழுவினருக்கு வழக்கமான மேலோட்டத் தூய்மை. 12 மாதத்திற்குப் பின், ஆழமான சிகிச்சை பெற்றவர்களின் ஹெச்பிஏ1சி அளவு மற்றவர்களைவிட 0.6 புள்ளி குறைவாக இருந்தது. 8.4 விழுக்காடு இருக்கவேண்டிய ஒருவருக்கு 7.8 விழுக்காடாக இருப்பதற்கு இது ஒப்பாகும். 2022இல் இத்தகைய 35 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிட்டபோது, மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளி குறைவதாகத் தெரியவந்தது.

இந்த எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால், ஏற்கெனவே உண்ணும் மருந்தோடு மற்றொரு மருந்தைச் சேர்த்தால் கிடைக்கும் பயனுக்கு இது ஏறக்குறைய நிகரானது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதே வேளையில், ஈறு சிகிச்சை நீரிழிவைப் போக்கிவிடும் என்று பொருள் கொள்ளக்கூடாது. மருந்து, உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கு அது மாற்றாகாது; துணையாகும்.

ஒரே உடல், இரண்டு கதவுகள்

நீரிழிவு நோயாளி ஒருவர் சுகாதார நிலையத்திற்குச் செல்கிறார். அங்கே இரத்தம் எடுக்கிறார்கள்; இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள்; கண்ணைப் படம் பிடிக்கிறார்கள்; பாதத்தைத் தொட்டுச் சோதிக்கிறார்கள். சர்க்கரை கூடியிருந்தால், “தே தாரிக்கைக் குறைத்தீர்களா? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம் அவை. ஆனால், “பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா? பல் ஏதும் ஆடுகிறதா?” என்னும் கேள்விகள் பல வேளைகளில் விடுபட்டுப் போகின்றன. அதே மனிதர் வேறொரு நாளில் ஆடும் பல்லோடு பல் மருத்துவரிடம் செல்கிறார். அங்கே தமக்கு இனிப்புநீர் இருப்பதைச் சொல்ல அவருக்குத் தோன்றுவதில்லை. பல்லுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர் எண்ணிக்கொள்கிறார்.

உடல் ஒன்றுதான்; அதற்குள் நுழையும் கதவுகள்தாம் இரண்டு. இதனை உணர்ந்தே 2017இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் ஐரோப்பியப் பல்சூழ் நோயியல் கூட்டமைப்பும் நிபுணர்களை மத்ரிட் நகரில் ஒன்றுகூட்டின. நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுக்குப் பல், ஈறு சோதனையும் தேவை என்று அவர்கள் பரிந்துரைத்தனர். காரணமின்றி ஈறு மோசமடையும் நோயாளிக்கு நீரிழிவு இருக்கலாம் என்று பல் மருத்துவர் ஐயுறுவதும் பயன் தரும். தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் நாட்டில், பல் மருத்துவரின் நாற்காலியே சிலருக்கு முதல் எச்சரிக்கை கிடைக்கும் இடமாகலாம்.

நாம் செய்யக்கூடியவை

நாளுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்க வேண்டும். மென்மையான தூரிகையே போதும். தூரிகை நுழையாத பல்லிடுக்குகளை அதற்குரிய நூலாலோ சிறு தூரிகையாலோ தூய்மை செய்யலாம். இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விட்டால் பற்படலம் மேலும் சேர்ந்து நோய் கூடும். மென்மையாகத் துலக்குவதோடு பல் மருத்துவரையும் காண வேண்டும்.

புகைபிடிப்பவர்கள் மற்றுமோர் ஆபத்தை அறிந்திருக்க வேண்டும். புகை ஈறு நோயை வளர்க்கிறது. அதே சமயம் ஈறுகளின் இரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைக்கவும் செய்கிறது. இரத்தம் வரவில்லை என்பதால் தம் ஈறு நலமாக இருக்கிறது என்று அவர்கள் நம்பிவிடக்கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள் பல் மருத்துவரிடம் செல்லும்போது வழக்கமான உணவையும் மருந்தையும் தவிர்க்காமல் எடுத்துக்கொள்வது நல்லது. மருந்து உண்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் வரக்கூடும். தாம் உண்ணும் மருந்துகளின் பெயரையும் அண்மைய சோதனை முடிவையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் தங்கள் ஈறுகளைப் பற்றித் தாங்களாகப் பேசுவது குறைவு. வயதானால் பல் விழத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். வயது மட்டுமே பல்லை விழச் செய்வதில்லை. கவனிக்கப்படாத நோயே பெரும்பாலும் அதைச் செய்கிறது. “தாத்தா, அடுத்த முறை இனிப்புநீர் சோதனைக்குப் போகும்போது ஈற்றில் இரத்தம் வருவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்” என்று ஒரு பேரப்பிள்ளை சொன்னால், அது அவருடைய பற்களை மட்டுமல்லாமல் அவருடைய சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும் முயற்சிக்குத் துணையாக அமையும்.

அருஞ்சொற்பொருள்

அழற்சி – கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடலின் ஒரு பகுதி சிவந்து வீங்குதல்
பற்படலம் – பற்களின்மேல் படியும் பாக்டீரியாக்கள் நிறைந்த படிவு
பற்காரை – இறுகிக் கல் போலான பற்படலம்
பல்சூழ் நோய் – பல்லைத் தாங்கும் ஈறையும் எலும்பையும் சிதைக்கும் நோய்
பின்விளைவு – ஒரு நோயின் காரணமாகப் பின்னர்த் தோன்றும் பாதிப்பு
சுரப்புநீர் – உடலின் சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள்

வினாக்கள்

1. ஈறு அழற்சிக்கும் பல்சூழ் நோய்க்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. பல் சொத்தைக்கும் நீரிழிவால் வரும் ஈறு நோய்க்கும் காரணமான சர்க்கரை எவ்வாறு வேறுபடுகிறது?
3. 1965இல் வெளிவந்த ஆய்வு உணர்த்தும் இரு பாடங்கள் யாவை?
4. நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலை உன் சொந்த நடையில் விளக்குக.
5. 2013ஆம் ஆண்டின் ஆய்வு முடிவும் 2018ஆம் ஆண்டின் ஆய்வு முடிவும் வேறுபட்டதற்கான காரணம் என்னவாக இருக்கலாம்?
6. ‘உடல் ஒன்றுதான், அதற்குள் நுழையும் கதவுகள்தாம் இரண்டு.’ இக்கூற்றைக் கட்டுரையின் துணைகொண்டு விளக்கி, உன் வட்டாரத்தில் இந்நிலையைச் சீர்செய்ய ஒரு வழியைப் பரிந்துரை செய்க.